கதையிற் பிறந்த சொற்கள்

புதுச்சொல் இருவகையாற் பிறக்கும். அறிஞர் அவைகூடிப் பொருளை முன்வைத்து, அதற்கு ஏற்ற பெயரைத் தேர்ந்து வழங்குவது ஒருவகை. பொருளே தோன்றாதவிடத்துக் கதைசொல்வோன் ஒருவன் தன் கற்பனையிற் கண்ட ஒன்றுக்குப் பெயரிட, பெயர் முன்னும் பொருள் பின்னுமாக உலகிற் பரவுவது மற்றொரு வகை. முதல்வகைச் சொற்கள் தமிழறிஞரின் கவனத்தைப் பெரிதும் பெற்றுள்ளன. இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 1960களிலும் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளை முன்னிட்டு எழுந்த விவாதங்களே இதற்குச் சான்று. இரண்டாம் வகைச் சொற்களோ வார இதழ்களிலும் திரைப்படச் சுவரொட்டிகளிலும் வழங்குவன என்ற காரணத்தாற்போலும், ஆராய்ச்சிக்குத் தகுதியற்றனவாக ஒதுக்கப்பட்டுவிட்டன.

மேனாட்டில் நிலைமை வேறு. ஒக்ஸ்ஃபோட் ஆங்கிலப் பேரகராதியினர் 2001ஆம் ஆண்டில் விஞ்ஞானப் புனைகதையின் வாசகரிடமே உதவி கேட்டனர். பழைய சஞ்சிகைகளைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருந்த அவ்வாசகர்கள், இன்ன சொல் இன்ன ஆண்டில் இன்ன கதையில் முதன்முதல் வந்தது என்று தேடித் தந்தனர். அம்முயற்சியின் பயனாக ஜெஃப் புரூச்சர் தொகுத்த தனியகராதியொன்று 2007இல் வெளிவந்தது. 2021 முதல் ஜெசி ஷெயிட்லோவரின் பொறுப்பில் இணையத்திலும் அத்தகையதோர் அகராதி வளர்ந்து வருகின்றது. பிறகோளைப் புவிபோல் ஆக்குதலைக் குறிக்கும் சொல்லை ஜாக் வில்லியம்சன் 1942இல் ஒரு கதையில் வழங்கினார் என்பதும், ஐசக் அசிமோவ் 1941இல் றோபோ பற்றிய கல்விக்கு ஓர் பெயரிட்டு, அது முன்னரே உள்ள சொல்லென்று நெடுங்காலம் எண்ணியிருந்தார் என்பதும் இத்தகைய தேடலால் உறுதிப்பட்ட செய்திகள். தன் பிள்ளையைத் தானே அறியாத தந்தையின் கதை இது.

இச்சொற்கள் தமிழுக்கு வருங்கால் நேர்வது யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. பெயர்ப்போர் சொல்லின் மேற்றோற்றத்தைப் பெயர்த்து வேரை விட்டுவிடுகின்றனர். அவ்வாறு விடப்பட்ட வேர் சிலபோது அவர்தம் சொந்த மண்ணிலேயே கிடக்கின்றது. றோபோ என்னும் சொல் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. வேறெந்த மண்ணிலும் பார்க்க மாத்தளை மண்ணில் அச்சொல்லின் பொருள் நன்கு விளங்கும்.

செக்கு மொழி நாடகாசிரியராகிய கரெல் சாப்பெக் 1920இல் ஒரு நாடகத்தை வெளியிட்டார். தொழிற்சாலையொன்றில் மனிதர் போன்ற செயற்கை உயிர்கள் வேலைக்கென ஆக்கப்படுகின்றன. அவ்வுயிர்களுக்கு இலத்தீன் மொழியின் உழைப்பு என்னும் சொல்லடியாகப் பெயரொன்று வைக்கச் சாப்பெக் முதலில் எண்ணினாராம். அப்பெயர் அவருக்கு ஏட்டுச் சொல்லாகப் பட்டது. தமையனார் ஜோசெப் சாப்பெக் ஓவியர். எழுதுதுணி முன்னே தூரிகையை வாயிற் கவ்வியவாறு நின்ற அவரிடம் தம்பி சென்று கேட்க, தூரிகையை எடாமலே, றோபோட் என்று வைத்துவிடு என அவர் முணுமுணுத்தார். இதனைக் கரெல் சாப்பெக் 1933இல் ஒரு செய்தித்தாளிற் பதிவு செய்து, சொல்லின் உரிமை தமக்கன்று என்று கூறினார். உலக மொழிகள் எல்லாவற்றிலும் நுழைந்த ஒரு சொல் இவ்வளவு எளிதாகப் பிறந்தது.

எளிதாகப் பிறந்ததேனும் அச்சொல் வெறுமையிற் பிறந்ததன்று. றொபோட்டா என்பது பொகிமிய நாட்டில் நிலக்கிழாருக்கு உழவர் கூலியின்றிச் செய்யவேண்டியிருந்த கட்டாய வேலையின் பெயர். அடிமை என்னும் பழைய சிலாவியச் சொல்லோடு அது உறவுடையது. ஆஸ்திரியப் பேரரசில் அவ்வழக்கம் 1848இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் சொல் பாட்டன்மாரின் வாயில் வாழ்ந்துகொண்டிருந்தது. ஆதலின், 1921இல் பிராகு நகர அரங்கில் நாடகத்தைக் கண்ட செக்கு மக்களுக்குப் புதிய பொறி எதுவும் மனக்கண்முன் வந்திராது. கூலியின்றி உழைத்த தம் முன்னோரே வந்திருப்பர். நாடகத்தின் முடிவும் அதற்கு இயைந்ததே. உழைக்கும் உயிர்கள் கிளர்ந்தெழுந்து மனித குலத்தை அழிக்கின்றன. ஒருவனை மட்டும் கொல்லாது விடுகின்றன. அவன் கட்டடத் தொழில் வல்ல அல்குவிஸ்ட். தம்மைப் போலத் தன் கையால் உழைப்பவன் என்பதே அவனை விட்டதற்குக் காரணம்.

1848 என்ற ஆண்டைக் கண்டதும் மாத்தளையாருக்கு வேறொரு நினைவு எழும். இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியத்தை இலங்கையில் பிரித்தானிய அரசு 1832இல் நீக்கியது. பதினாறு ஆண்டுகள் கழித்து, டொரிங்டன் பிரபு தேசாதிபதியாயிருந்த காலத்தில், தெருச்சட்டம் என்ற பெயரால் அது மறுவடிவிற் புகுந்தது. வயதுவந்த ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும். செய்யாதார் மூன்று சிலிங் கட்டவேண்டும். துவக்கு, நாய், வண்டி, கடை ஆகியவற்றின் மீதும் வரிகள் விதிக்கப்பட்டன. யூலை மாத இறுதியில் மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை நடத்திய வீர புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆந் திகதி கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பொகிமியாவில் றொபோட்டா ஒழிந்த அதே ஆண்டில், மாத்தளையில் அதன் உடன்பிறப்பை எதிர்த்து மக்கள் உயிர் கொடுத்தனர்.

இது தற்செயலான ஒற்றுமையே. அதற்கு மேல் ஒன்றுமில்லை. எனினும் சொல்லை உணர்வதற்கு இத்தகைய ஒற்றுமை உதவும். கோப்பித் தோட்டங்களுக்கென அதே காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்து, காடு கடந்து, தம்புள்ளையூடாக மாத்தளைக்கு வந்தோரும், வழியில் நோயுற்று வீழ்ந்தோரும் தமிழரே. அவர்களைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கிய சொல் தமிழிற் கூலி என்பதிலிருந்து பிறந்தது என்பர் சிலர். குசராத்திக் குலப் பெயரொன்றிலிருந்து வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், வேலைக்காரனின் ஊதியப் பெயர் வேலைக்காரனுக்கே பெயராகி, மனிதன் கணக்கேட்டில் தலைகளின் எண்ணாகச் சுருங்கிய வரலாறு தமிழருக்குப் புதிதன்று. சாப்பெக் கற்பனையிற் கண்டதை இம்மலைகள் முன்னரே கண்டுவிட்டன.

தமிழிற் கட்டாய வேலைக்குச் சொற்பஞ்சம் இல்லை. சோழர் கல்வெட்டுக்களில் ஊதியமில்லா வேலை வெட்டி எனப்பட்டது. இன்று அச்சொல் தேய்ந்து பயனற்றது என்ற பொருளில் வெட்டிப்பேச்சு, வெட்டிவேலை என வழங்குகின்றது. ஊதியமில்லாத வேலை பயனில்லாத வேலையாக மாறிய இப்பொருட்பேறு, அதனைச் செய்தவன் மனத்திலிருந்து பிறந்ததாகவே தோன்றுகின்றது. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்பது கட்டாய வேலையின் பெயராயிருந்தது. பின்னர் அது சமயத்தொண்டையும் அரசாங்க உத்தியோகத்தையும் குறிக்கலாயிற்று. மாதச்சம்பளம் பெறுவோருக்கு ஊழியர் சேமலாப நிதி உள்ள இக்காலத்தில் அச்சொல்லின் பழைய வடுவை எவரும் உணரார். வேரை நோக்கிப் பெயர்ப்பதாயின் சாப்பெக்கின் உயிர்களுக்கு ஊழியன் என்ற பெயரே பொருந்தியிருக்கும். ஆனால் அச்சொல் வேறு வீட்டில் குடிபுகுந்துவிட்டது. இனி அதனைத் திருப்பி அழைத்தல் இயலாது.

தமிழ் ஏற்றுக்கொண்டது எந்திரன் என்பதை. இச்சொல்லின் வரலாறு சுவையுடையது. எந்திரம் வடமொழி யந்திரத்தின் வழிவந்தது; எனினும் தமிழுக்குப் பழையது. கரும்பு ஆட்டும் ஆலையைச் சங்கச் செய்யுட்கள் அப்பெயராற் சுட்டுகின்றன. மதுரைக் கோட்டையில் அமைந்திருந்த பலவகைப் பொறிகளைச் சிலப்பதிகாரம் அடுக்கிக் கூறும். சச்சந்தன் தன் தேவி விசயைக்கு இயற்றுவித்த மயிற்பொறியைச் சீவகசிந்தாமணியிற் காணலாம். வீரரை உள்ளே மறைத்த பொறியானையால் உதயணன் பிடிபட்டதைப் பெருங்கதை கூறும். பொறியைப் பற்றிய கற்பனை தமிழ்க்காப்பியங்களில் இருந்ததென்பதற்கு இவை போதும். இவற்றை வைத்துக்கொண்டு பழந்தமிழர் விமானம் செய்தனர், றோபோ செய்தனர் என்று மேடையில் முழங்குவோர் உளர். அவர்கள் காப்பியத்தையும் அறியார், பொறியியலையும் அறியார்.

நவீன காலத்தில் இச்சொல்லைக் கதைக்குள் கொணர்ந்தவர் சுஜாதா எனப் பெயர் பூண்ட ரங்கராஜன். தொழிலாற் பொறியியலாளரான அவர், 1980களில் ஆனந்த விகடனில் என் இனிய இயந்திரா என்னும் தொடர்கதையை எழுதினார். அதில் ஜீனோ என்ற நாய்வடிவ றோபோ நூல்களைப் படித்துத் தானாகச் சிந்திக்கத் தலைப்படுகின்றது. தலைப்பை இலக்கணக் கண்கொண்டு நோக்குக. எந்திரம் என்ற பெயரை விளித்தால் எந்திரமே என்று வரும். இயந்திரா என்ற விளி இயந்திரன் என்ற பெயருக்கே உரியது. அதாவது, அகராதியில் இல்லாத ஓர் ஆண்பாற் பெயரைக் கதாசிரியர் தலைப்பிலே மறைத்து வைத்துவிட்டார். பின்னர் சங்கரின் இயக்கத்தில், சுஜாதாவும் எழுத்திற் பங்குகொண்ட திரைப்படம் முதலில் ரோபோ என்றே பெயர் பெற்றிருந்தது. தமிழிற் பெயரிட்ட படங்களுக்குத் தமிழ்நாட்டரசு 2006 முதல் கேளிக்கை வரிவிலக்கு அளித்தமை பெயர் மாற்றத்துக்குத் தூண்டுதலாயிற்று என அன்று பரவலாகப் பேசப்பட்டது. சுஜாதா 2008இல் மறைந்தார். 2010இல் எந்திரன் வெளிவந்தது. தெலுங்கிலும் இந்தியிலும் மேனாட்டுப் பெயரே நிலைக்க, தமிழ் மட்டும் தனக்கென ஒரு சொல்லைப் பெற்றது. புலவர் அவை செய்யாததை வரிவிலக்கு செய்தது என்று நகைத்தாரும் உண்டு. ஆனால் கதைத்தலைப்பில் அந்த விளி முன்னரே இருந்திராவிடின் இப்பெயர் அவ்வளவு எளிதில் நாவிற் படிந்திருக்குமா என்பது ஐயம்.

எந்திரன் என்ற சொல்லின் பகுதி தவறானது. சாப்பெக்கின் றோபோக்கள் இரும்பாலானவை அல்ல; செயற்கைத் தசையால் ஆனவை. பொறி என்ற கருத்து அச்சொல்லிற் பிற்காலத்தார் ஏற்றியது. இதனைக் கருதி, மனிதவடிவிற் செய்யப்பட்டதைக் குறிக்கத் தமிழில் முன்னரே உள்ள பாவை என்ற சொல்லை மேற்கொண்டிருக்கலாம் என்று வாதிடலாம். கொல்லிமலையில் நகைத்துக் கொல்லும் பாவையும், மணிமேகலையில் வருவதுரைக்கும் கந்திற்பாவையும் அதற்கு முன்னோடிகள். ஆயின் பாவையில் அழகும் அச்சமும் உண்டேயன்றி உழைப்பு இல்லை.

பகுதி தவறெனினும் விகுதி செம்மையானது. தொல்காப்பியர் உயர்திணையை மக்களுக்கே உரித்தாக்கினார். நன்னூலார் தேவரையும் நரகரையும் சேர்த்தார். செய்யப்பட்டதொன்றுக்கு அங்கே இடமில்லை. எந்திரம் அஃறிணை, எந்திரன் உயர்திணை. இடையே உள்ளது ஓரெழுத்து மாற்றம். சிந்திக்கும் பொருள் மக்கட் கூட்டத்துட் சேருமா என்று சாப்பெக் மூன்று அங்கங்களில் வினவினார்; கடைசியில் இரு றோபோக்கள் ஒருவர்க்காக ஒருவர் உயிர்விட முன்வருங் காட்சியால் விடை கூறினார். தமிழ் அதே விடையை ஒரு விகுதியாற் கூறிவிட்டது. ஆங்கிலச் சொல்லுக்கு இவ்வாய்ப்பு இல்லை. அம்மொழியிற் பெயர் திணை காட்டாது. ஆகவே எந்திரன் மொழிபெயர்ப்பு என்ற அளவிற் குறையுடையதேனும், தமிழ்ச்சொல் என்ற அளவில் மூலத்தினும் ஒருபடி மேற்பட்டது.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். ஆங்கிலம் பேசுவோரே வேரை மறந்துவிட்டனர். தமிழர் மட்டும் ஏன் சுமக்கவேண்டும் என்பது அது. நியாயமான தடையே. அதற்கு விடை அகராதியில் இல்லை, கதையில் உண்டு. சாப்பெக்கின் நாடகத்தில் றோபோக்கள் கிளர்வது உழைப்பின் பொருட்டு. எந்திரன் திரைப்படத்தில் சிட்டி என்னும் றோபோ கிளர்வது ஒரு பெண்ணின் மீது கொண்ட காதலின் பொருட்டு. சொல்லில் உழைப்பு நீங்கியது. கதையிலும் உழைப்பு நீங்கியது. ஒன்று மற்றொன்றின் காரணம் என்று துணிந்துரைத்தல் மிகையாகலாம். ஆயினும் ஊழியன் என்ற சொல்லோடு ஒருவர் கதை புனைந்திருப்பின், கதாநாயகியின் பிறந்தநாள் விழாவை விட்டுத் தோட்டத்து இலயன் அறையை நோக்கி அக்கதை சென்றிருக்கவும் கூடும்.

இலங்கைக்கே உரிய சிக்கலொன்றும் உண்டு. இங்கே பொறியியலாளரை எந்திரி என்று குறிப்பது நெடுநாள் அரச வழக்கு. செய்பவர் எந்திரி, செய்யப்பட்டது எந்திரன் என்றாயிற்று. ஆண்டானும் ஊழியனும் ஒரே அடியிற் பிறந்து விகுதியால் மட்டும் வேறுபடும் இவ்விந்தையைச் சாப்பெக் அறிந்திருப்பின் மகிழ்ந்திருப்பார்.

றோபோ அயல்நாட்டிலிருந்து வந்த சொல். அவதாரம் அதற்கு நேர்மாறாக, இங்கிருந்து சென்று அடையாளமின்றித் திரும்பியது. இறங்குதல் என்பது அதன் வடமொழிப் பொருள். திருமால் மண்ணிற் பிறத்தலை அது குறிக்கும். 1980களின் நடுவில் அமெரிக்கக் கணினி விளையாட்டுக்களைச் செய்தோர், திரையில் ஆடுவோனுக்குப் பதிலாக நிற்கும் உருவத்துக்கு இப்பெயரை இட்டனர். நீல் ஸ்டீவன்சன் 1992இல் எழுதிய நாவலொன்று அதனை உலகெங்கும் பரப்பியது. மெற்றாவேர்ஸ் என்னும் சொல்லும் அந்நாவலிலேயே பிறந்தது. சமயநூலில் உடலற்ற இறைவன் உடலுக்குள் இறங்குகின்றான். விஞ்ஞானப் புனைகதையிலோ உடலுள்ள மனிதன் உடலை விட்டு உருவத்துள் நுழைகின்றான். திசை தலைகீழாயிற்று, பெயர் மாறவில்லை. இதிற் குற்றங் காண்பதற்கில்லை. கருணையால் இறங்குதல் என்ற கருத்தை இழந்தாலும், ஒருவனே பல உருக்கொள்ளல் என்ற கருத்தை அச்சொல் காத்துக்கொண்டது. குற்றம் தமிழ்ப் பத்திரிகைகளுடையது. 2009இல் வந்த ஜேம்ஸ் கமரூனின் படத்தை ஒட்டி அவை அவதார் என்று எழுதத் தொடங்கின. கணினித் திரையின் உருவத்துக்கும் அதே வடிவம் நிலைத்துவிட்டது. மார்கழித் திருப்பாவைக் காலத்தில் அவதாரம் என்றும், கைபேசியைத் தொட்டதும் அவதார் என்றும் கூறும் இளைஞர் இரண்டும் ஒன்றென அறியார். மகரம் கெட்டதால் மகவு அயலாயிற்று.

வேரை நோக்குதல் எங்கும் பயன் தரும் என்று கொள்ளல் ஆகாது. வில்லியம் கிப்சன் 1982இல் ஒரு சிறுகதையில் வழங்கி, 1984இல் தமது நாவலாற் பரப்பிய சைபர்வெளி என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் மாலுமியைக் குறிப்பது. நோர்பேட் வீனர் 1948இல் அமைத்த துறைப்பெயரின் வழியாக அது வந்தது. மாலுமிக்குத் தமிழில் மீகாமன் என்ற அரிய சொல் உண்டு. ஆகவே மீகாமவெளி என்று ஆக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். ஆக்கலாம், எவரும் வழங்கார். கிப்சன் அச்சொல்லை ஒலிக்காகத் தேர்ந்தாரேயன்றி வேருக்காகத் தேர்ந்தாரல்லர். அந்நாவலை அவர் கைத்தட்டச்சுப் பொறியில் எழுதினார் என்பது அவருக்கும் கணினிக்கும் இருந்த தொலைவைக் காட்டும். இணையவெளி என்ற எளிய தமிழே அதற்குப் போதும்.

கதாசிரியன் ஆக்கிய சொல்லை உயிரோடு வைத்திருப்போர் வாசகர். 1926 ஏப்பிரலில் இவ்வகைக் கதைகளுக்கென்றே சஞ்சிகை தொடங்கிய ஹியூகோ கேர்ன்ஸ்பாக், விஞ்ஞானம், புனைகதை என்னும் இரண்டையும் ஒட்டி ஒரு கூட்டுச்சொல் செய்து அதனை விடாது விளம்பரப்படுத்தினார். வாசகர் அதனை ஏற்கவில்லை. இன்று வரலாற்றாசிரியர்க்கு மட்டுமே தெரியும். ஆனால் அவர் வேறொன்று செய்தார். வாசகர் கடிதங்களை முகவரியோடு வெளியிட்டார். கடிதம் எழுதியோர் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர், கழகங் கூட்டினர், கையாற் படியெடுத்த சிற்றேடுகளை அஞ்சலில் அனுப்பினர். அவ்வேடுகளுக்கு ஃபான்சீன் என்ற பெயரை 1940இல் இட்டவர் லூயி ரசல் ஷோவனே என்னும் வாசகர். நாட்டுப்பாடலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அச்சுப் பிழையாற் சிதைய, அப்பிழையையே தம் கூட்டத்துப் பாடல்களுக்குப் பெயராக வைத்துக்கொண்டனர். அச்சுப்பிழையைக் கொண்டாடும் பக்குவம் தமிழ்ப் பண்டிதர்க்கு எளிதில் வராது.

தமிழில் இத்தகைய கூட்டம் எழவில்லை. இரசிகர் என்ற அழகிய சொல் நடிகர் மன்றங்களிற் சிக்கித் தன் பொருளிற் பாதியை இழந்தது. ஆனால் ஃபான்சீனுக்கு ஒப்பான பொருள் இங்கு இல்லாமலில்லை. பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் மாணவர் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகைகள் அதுவே. அவை பெரும்பாலும் கவிதைக்கும் சிறுகதைக்கும் இடமளித்தன. நாளடைவிற் செல்லரித்தும் போயின. இலங்கைத் தமிழுக்குக் கலைச்சொற்றொகுதி உண்டு, அச்சொற்கள் வாழக் கதை அரிது. தமிழகத்துக்குக் கதை உண்டு, ஆனால் அக்கதைகளிற் பாதிச்சொல் இரவல். செய்மதி என்ற சொல்லை எடுத்துக்கொள்க. செய்யப்பட்ட மதி என்ற இவ்வினைத்தொகை, தமிழகத்துச் செயற்கைக்கோளைவிடச் சுருக்கமும் இனிமையும் உடையது. மதி அறிவையும் குறிப்பதால், செயற்கை நுண்ணறிவு என்று இன்று நீட்டி முழக்குவதற்கும் இச்சொல் பொருந்தியிருக்கும். இத்துணை வளமுள்ள சொல்லை வைத்து இலங்கையில் எத்தனை கதைகள் எழுதப்பட்டன?

வாசகர் தம் பெயரும் ஊரும் எழுதி வைத்த மிகப் பழைய மடல்கள் மாத்தளை மாவட்டத்திலேயே உள்ளன. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் எட்டாம் நூற்றாண்டு முதலாக அங்கு வந்தோர் ஓவிய மகளிரைக் கண்டு சிங்களத்திற் பாக்களைக் கீறிச் சென்றனர். பரணவிதான அவர்கள் அவற்றுள் 685 பாக்களைப் படித்து 1956இல் வெளியிட்டார். ஒருவர் எழுதியதற்கு வேறொருவர் மறுமொழி எழுதிய இடங்களும் உண்டு. அதே ஆண்டில் இலங்கையிற் குடியேறிய விஞ்ஞானப் புனைகதையாசிரியர் ஆதர் சி. கிளார்க் இச்சுவரையும் குன்றையும் தம் நாவலுக்குள் கொண்டுசென்றார். 2008இல் மறையும்வரை அவர் இத்தீவிலேயே வாழ்ந்தார்.

சொர்க்கத்தின் நீரூற்றுக்கள் எனத் தமிழிற் கூறத்தக்க அந்நாவல் 1979இல் வெளிவந்தது. புவியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், புவியோடு ஒத்துச் சுழலும் பாதை வரை ஓர் இழையை ஏற்றி, அதன் வழியே மக்களையும் பொருள்களையும் மேலே கொண்டுசெல்வது அதன் பொருள். இக்கருத்து கிளார்க்குக்கு முன்னரே இருந்தது. உருசியராகிய சியோல்கோவ்ஸ்கி 1895இல் வான்முட்டுங் கோபுரத்தைக் கனாக் கண்டார். ஆர்ட்சுதானோவ் 1960இல் மேலிருந்து கீழே தொங்கும் இழையாக அதனை மாற்றினார். கிளார்க் அளித்தது கதை. கதையோடு சொல்லும் பரவிற்று. இத்தகைய அமைப்பு புவிநடுக்கோட்டில் நிற்பதே தகும் ஆதலின், அவர் இலங்கையைத் தெற்கே நகர்த்தி, தப்ரபேன் என்ற பழைய கிரேக்கப் பெயரால் அழைத்தார். சிகிரியா யக்ககல ஆயிற்று. சிங்கம் போய் இயக்கன் வந்தான். காசியப்ப மன்னன் காளிதாசன் ஆனான். சிவனொளிபாதமலை சிறீ கந்த ஆயிற்று.

இப்பெயர்களைத் தமிழர் படிக்குங்கால் விளையும் மயக்கம் ஆசிரியர் எண்ணியதன்று. கந்த என்பது சிங்களத்தில் மலை. தமிழ் வாசகர்க்கோ அது முருகனேயாம். மன்னனைக் காளிதாசன் என்றவுடன் நினைவுக்கு வருவது தந்தையைக் கொன்றவனல்லன், மேகத்தைத் தூதுவிட்டவனே. மாத்தளையிலிருந்து பேருந்தில் ஒரு காலைப்பொழுதிற் சென்று ஏறி இறங்கத்தக்க குன்று, உலகின் நூலகங்களில் வேற்றுப்பெயர் பூண்டு நிற்பதைக் காணும் இவ்வட்டாரத்து மாணவனுக்குப் பெருமையும் ஏமாற்றமும் ஒருங்கே தோன்றும். கற்பனைத் தீவுக்குக் கற்பனைப் பெயர் இடுவது கதாசிரியன் உரிமை. ஆயினும் அக்கதையில் தமிழர் வாழ்வுக்கும் தோட்டத்துக்கும் இடம் மிகச் சிறிது. ஆங்கிலேயர் ஒருவரிடம் அதனை எதிர்பார்த்தல் தகாது. அது தமிழில் எழுதுவோர் செய்யவேண்டியிருந்த பணி.

அந்நாவலின் நடுப்பொருளுக்கே தமிழில் இன்னும் நிலைத்த பெயர் அமையவில்லை. விண்தூக்கி என்பாரும் விண்வெளி மின்தூக்கி என்பாரும் உளர். பின்னது மாடிக் கட்டடத்தை நினைவூட்டுவது. முன்னது பொருந்தும்; எனினும் தூக்குவது விண்ணையா, விண்ணுக்கா என்ற ஐயத்தை அத்தொகை தீர்க்கவில்லை. பாகன் செலுத்தாது தானே செல்லும் வானவூர்தியைக் கற்பனை செய்த புலவன் புறநானூற்றில் உளன். அவன் ஆக்கிய பெயர் இரண்டாயிரம் ஆண்டு காத்திருந்து வானூர்தியாய் மீண்டது. தேயிலைத் தோட்டங்களில் மலைச்சரிவின் மேலிருந்து கொழுந்துச் சாக்குகளைக் கம்பியிற் கொளுவித் தொழிற்சாலைக்கு இறக்கும் முறை முன்னாளில் உண்டு. இழையில் ஏறியிறங்கும் பாரத்தைக் கண்ணாற் கண்டு, கையாலும் தொட்ட தமிழர் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தனர். அவர்கள் அதனை வெறுமனே கம்பி என்றனர். விண்கம்பி என்று ஒருவர் ஒரு கதையில் எழுதி வைப்பாராயின், அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அக்கதையைப் படிப்போரே அறிவர்.